பழைய சன் சர்வர் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: என் 20,700 ரூபாய் போச்சு

நேற்று இரவு இரண்டு மணி வரை அந்த மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டுத் தூக்கமில்லாமல் எழுதுகிறேன். பழைய சர்வரில் யூனிக்ஸ் போட நினைப்பவர்கள் முழுக்கப் படியுங்கள். வாங்கும்போது என்னென்ன பார்க்கணும் என்று கடைசியில் சொல்கிறேன்.

நான் எழுதும் சி நிரல்களை ஒரு பிக் எண்டியன் மெஷினில் (எண்ணின் பெரிய பகுதியை நினைவகத்தில் முதலில் வைக்கும் வகை) ஓட்டிப் பார்க்க நெடுநாள் ஆசை. வழக்கமான கணினிகளின் எக்ஸ்86 சிப்பில் ஒளிந்துகிடக்கும் தவறுகள் சன் நிறுவனத்தின் ஸ்பார்க் சிப்பில் சட்டென்று வெளியே வந்துவிடும். யூனிக்ஸ் வகை இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டி 13ஆம் பதிப்போடு ஸ்பார்க்கைக் கைவிட்டுவிட்டது. அதே வகையைச் சேர்ந்த ஓபன்பிஎஸ்டி அதில் இன்னும் ஓடும். அதற்காக ஸ்பார்க் சிப் உள்ள சன் ஃபயர் வி240 சர்வரைத் தேடினேன். பழைய பொருள் விற்கும் ஒரு தளத்தில் சர்வர் வியாபாரி ஒருவர் போட்டிருந்தார். விலை 18,500, கூரியர் 2,200.

நான் விழுந்தது அவரோடு பேசிய வீடியோ காலில்தான். இந்த மாடலில் மானிட்டர் செருக இடம் கிடையாது, சீரியல் கேபிள்தான். அவரே லேப்டாப்பை மாட்டி, ஆன் செய்து, மெஷின் கட்டளைக்குத் தயார் என்று காட்டும் ஓகே ப்ராம்ப்ட் வரும்வரை பொறுமையாகக் காட்டினார். "சார், நம்மகிட்ட வாங்கினவங்க யாரும் குறைன்னு வந்ததில்ல" என்றார். இவ்வளவு விஷயம் தெரிந்தவர் ஏமாற்றுவாரா என்று 20,700 ரூபாயையும் அந்த நிமிடமே அனுப்பினேன்.

பெட்டி வந்தது. மின்விசிறி சுற்றுகிறது, பூட் நின்றுவிடுகிறது. நிறுவல் சிடியைப் போடும் கட்டத்துக்கே போகவில்லை. முன்பக்கக் கதவைத் திறந்தால் அட்டை செருகும் இடம் காலி! வி240க்கு சிப் வைத்த சின்ன அட்டை ஒன்று உண்டு. மெஷினின் அடையாள எண்களான மேக் முகவரி, ஹோஸ்ட் ஐடி எல்லாம் அதில்தான். அது இல்லாமல் பூட் ஆகாது. ஓடும்போது உருவினால் 60 நொடியில் மெஷின் அணைந்துவிடும். அப்படியென்றால் வீடியோ காலில் ஓகே வந்தபோது அட்டை உள்ளேதான் இருந்திருக்கிறது. எனக்குக் காட்டிவிட்டு எடுத்திருக்கிறார்கள்.

போன் செய்தேன். முதலில் "கூரியர்ல விழுந்திருக்கும் சார்." மறுநாள் "ஓஎஸ் போடத் தெரியலன்னா நாங்க என்ன பண்றது?" எனக்கா தெரியாது? பத்து வருடமாக இதே வேலை செய்கிறேன். அட்டையை மட்டும் அனுப்புங்கள், பணம்கூட வேண்டாம் என்று கெஞ்சினேன். "அந்த மாதிரி எதுவும் வரல சார், வித்த பொருளுக்கு நாங்க பொறுப்பில்ல." அப்புறம் எண்ணை பிளாக் செய்துவிட்டார். தளத்தில் புகார் கொடுத்தால், விற்பவரிடமே பேசிக்கொள்ளுங்கள் என்று இரண்டு வரி பதில். 20,700 ரூபாய்! என் ஒரு மாத வீட்டு வாடகையைவிட அதிகம்.

சரி, சொன்னபடி: அட்டை உள்ளே இருப்பதை போட்டோவில் கேளுங்கள், பெட்டியில் வைத்து மூடுவதையும் காட்டச் சொல்லுங்கள். முழுப் பணத்தை முன்கூட்டி அனுப்பாதீர்கள். பிரிக்கும்போது வீடியோ எடுங்கள், நான் எடுக்கவில்லை. இன்னும் நிறைய இருக்கிறது, இப்போது எழுத முடியவில்லை. யாரிடமாவது ஓடாத வி240 கிடந்து அதன் அட்டை மட்டும் நன்றாக இருந்தால் சொல்லுங்கள், விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.