நேச்சுரல் பிரிட்ஜா, ஃபாசில் ரிம்மா? டெக்சாஸில் விலங்குகளைப் பக்கத்தில் பார்க்க எங்கே போகலாம்

ஊரிலிருந்து வந்த அம்மா எங்களோடு மூன்று மாதம் இருந்தார். அதற்குள் இந்த இரண்டு இடங்களுக்கும் போய் வந்துவிட்டோம். விலங்குகள் நடமாடும் நிலத்துக்குள் காரை விட்டுச் சுற்றிப் பார்க்கிற பண்ணைகள் டெக்சாஸில் நிறைய உண்டு. ஆஸ்டினில் இருப்பவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சான் அன்டோனியோ பக்கத்து நேச்சுரல் பிரிட்ஜ் வைல்ட்லைஃப் ராஞ்ச். இன்னொன்று, ஃபோர்ட் வொர்த்துக்குத் தென்மேற்கே கிளென் ரோஸ் ஊரில் இருக்கும் ஃபாசில் ரிம். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் ஃபாசில் ரிம் போங்கள் என்பேன்.

தூரத்தைப் பார்த்தால் நேச்சுரல் பிரிட்ஜுக்குத்தான் வெற்றி. எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஃபாசில் ரிம்முக்கு இரண்டரை மணி நேரம் ஓட்ட வேண்டும்.

நேச்சுரல் பிரிட்ஜ் 450 ஏக்கர். 1984 முதல் ஒரு குடும்பம் நடத்தி வருகிறது. உள்ளே நுழையும்போதே தீவனப் பை கொடுத்துவிடுகிறார்கள். பை கையில் இருந்தால் போதும், விலங்குகள் தாமாகவே காரைத் தேடி வரும். நெருப்புக்கோழி கழுத்தை நீட்டி ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தபோது என் ஐந்து வயது மகள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இறங்கி நடந்து பார்க்கவும் ஒரு பகுதி உண்டு. பக்கத்திலேயே சுண்ணாம்புக் குகைகள் இருப்பதால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும். மூன்று நான்கு வயதுக் குழந்தை உள்ள வீட்டுக்கு இதுவே நல்லது. தூரமும் குறைவு, காத்திருப்பும் குறைவு.

அப்படியானால் ஃபாசில் ரிம் எதற்கு? எனக்கு எல்லாமே ஒரு கேள்வியில் போய் நின்றது: வண்டியை ஓட்டுவது யார்?

சொந்தக் காரில் போனால் ஓட்டுகிறவருக்கு விலங்கு பாதிதான் தெரியும். முன்னால் நிற்கும் கார், குறுக்கே வரும் மான், குழந்தை திறந்து வைத்த ஜன்னல் என்று கண் எல்லாப் பக்கமும் ஓடும். பின் சீட்டின் நடுவில் உட்கார்ந்த அம்மாவுக்கு எங்கள் தலைகளுக்கு இடையில் தெரிந்தது மட்டும்தான். நேச்சுரல் பிரிட்ஜில் நாங்கள் எங்கள் காரில்தான் சுற்றினோம். திரும்பி வரும் வழியில், "நீ ஒண்ணுமே பாக்கலையேப்பா" என்றார் அம்மா. உண்மைதான்.

ஃபாசில் ரிம்மில் வழிகாட்டியோடு திறந்த வண்டியில் போகும் சுற்று உண்டு. முன்பதிவு செய்ய வேண்டும், கட்டணமும் கூடுதல். அந்தக் கூடுதல் பணத்துக்குத் தகும் என்பதுதான் என் முடிவு. உயரமான இருக்கை, கண்ணாடி இல்லை, எல்லோருக்கும் ஒரே மாதிரி தெரியும். வழிகாட்டி வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுவார். அந்த அமைதியில் ஒட்டகச்சிவிங்கி ஒன்று நடந்து வந்து, கருநீல நாக்கை நீட்டி அம்மாவின் கையிலிருந்து தீவனத்தை வாங்கிக்கொண்டது. மற்ற விலங்குகளுக்குத் தள்ளித் தரையில்தான் போட வேண்டும். இந்த விதி எனக்குப் பிடித்திருந்தது. கைக்கு எட்டாத தூரத்தில் நின்றாலும் அவற்றை நிதானமாகப் பார்க்க முடிந்தது.

இடமும் பெரிது, சுமார் 1,800 ஏக்கர். லாப நோக்கமில்லாத அமைப்பு. அழியும் நிலையில் உள்ள இனங்களைப் பெருக்குவதுதான் முக்கிய வேலை. சிவிங்கிப்புலிகள் இங்கே குட்டி போடுகின்றன. டெக்சாஸ் கடலோரத்தில் ஒரு காலத்தில் லட்சக்கணக்கில் இருந்த அட்வாட்டர் புல்வெளிக் கோழியை 1992 முதல் வளர்த்துக் காட்டுக்கு அனுப்புகிறார்கள்.

அம்மாவுக்குப் பிறந்த ஊர் வேதாரண்யம். முறுக்கிய கொம்போடு ஒரு கூட்டம் புல்வெளியில் நின்றதும், "இது நம்ம கோடியக்கரை வெளிமான்ல? இங்க எப்படிடா வந்துச்சு?" என்றார். மொழிபெயர்த்து வழிகாட்டியிடம் கேட்டேன். 1930-களில் வேட்டைக்காகவும் அழகுக்காகவும் டெக்சாஸ் பண்ணைகளுக்குக் கொண்டுவந்த இனம் என்று அவர் விளக்க, வண்டியில் இருந்த எல்லோரும் அம்மா பக்கம் திரும்பிவிட்டார்கள். கோடியக்கரையில் உப்பளம் தாண்டி அவை எப்படித் துள்ளி ஓடும் என்று அம்மா சொல்ல, நான் ஆங்கிலத்தில் சொன்னேன். இத்தனைக்கும் நேச்சுரல் பிரிட்ஜிலும் வெளிமான் உண்டு. காரில் போன அவசரத்தில் நாங்கள் கவனிக்கவே இல்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஃபாசில் ரிம்மிலும் சொந்தக் காரில் சுற்றலாம், ஏறத்தாழ 11 கிலோமீட்டர் பாதை. காரில்தான் போவேன் என்பவர் எங்களைப் போல் ஆஸ்டின் பக்கம் இருந்தால், அவ்வளவு தூரம் போகச் சொல்லமாட்டேன். என் பரிந்துரை அந்தத் திறந்த வண்டிக்குத்தான்.

நாங்கள் போனது மார்ச் மாதம், இதமான வெயில். ஆகஸ்ட் வெயிலில் திறந்த வண்டியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வயதானவர்களை உட்காரவைப்பதை நான் செய்து பார்த்ததில்லை, செய்யவும் மாட்டேன். அங்கேயே கூடார அறைகளில் இரவு தங்கலாம். நாங்கள் தங்கவில்லை.

காலைச் சுற்றுக்குப் பதிவு செய்தால் மதியம் அதே ஊரில் இருக்கும் டைனோசர் வேலி பூங்காவுக்கும் போகலாம். அங்கே பலக்ஸி ஆற்றுப் படுகையில் டைனோசரின் காலடித் தடங்கள் இருக்கின்றன. ஆற்றில் தண்ணீர் கூடினால் அவை மூழ்கிவிடும். அதனால் கிளம்புவதற்கு முன் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.