சிவப்புக்கு உதவும், நீலத்துக்கு உதவாது: நிறத் தீவனங்கள் ஓர் ஒப்பீடு

கமலா ஆரஞ்சுபோல் மின்னிய நான்கு தங்கமீன்கள், வீட்டுக்கு வந்த மூன்றாம் மாதம் துலக்காத பித்தளையின் நிறத்துக்கு இறங்கிவிட்டன. நோய் இல்லை, தண்ணீரும் சுத்தம், தீனியும் நேரத்துக்குக் கிடைத்தது. மீன் வளர்க்கும் பலருக்கும் இந்த ஏமாற்றம் பழக்கமானதுதான். கடைக்குப் போனால், நிறம் கூட்டும் என்று எழுதிய டப்பாவை எடுத்து நீட்டுவார்கள். சாதாரணத் தீவனத்தைவிட விலை கூடுதலான அந்த டப்பா பலன் தருமா? சில மீன்களுக்கு, சில நிறங்களுக்கு, நிச்சயமாகத் தரும். மற்றவற்றுக்கு அது வெறும் தீனி.

காரணத்தை நம் சமையலறையிலேயே பார்க்கலாம். பச்சை இறால் சாம்பல் நிறமாக இருக்கும். அடுப்பில் வைத்ததும் சிவக்கிறது. அதன் ஓட்டில் அஸ்டாசாந்தின் என்ற சிவப்பு நிறமி புரதத்தோடு பிணைந்து மறைந்திருக்கிறது. சூடு பட்டதும் பிணைப்பு விட்டு நிறம் வெளியே வருகிறது. கேரட்டின் பீட்டா கரோட்டினும் செண்டுமல்லியின் லூட்டினும் இதே கரோட்டினாய்டு குடும்பம். செடிகளும் பாசிகளும் சில நுண்ணுயிர்களும் இவற்றைத் தாமே உண்டாக்கும். மீனால் முடியாது. தின்றதிலிருந்து எடுத்துத் தோலில் சேர்த்துவைக்க மட்டுமே அதற்குத் தெரியும். ஆகவே சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் ஆகிய மூன்றும் பெருமளவு தீனியைச் சார்ந்தவை.

நீலம் அப்படி வருவதில்லை. ஃபைட்டர் மீனின் நீலமும் நியான் டெட்ராவின் பளிச்சிடும் கோடும் சாயமே அல்ல. தோல் உயிரணுக்களில் அடுக்கடுக்காக இருக்கும் குவானின் படிகங்கள் ஒளியைச் சிதறடிப்பதால் அவை நம் கண்ணுக்கு நீலமாகத் தெரிகின்றன. கறுப்பு மெலனினால் வருவது, அதை மீனே தயாரித்துக்கொள்ளும். நீலச் சாயத்தையே உயிரணுவில் வைத்திருக்கும் மாண்டரின் மீன் போன்றவை அபூர்வமான விதிவிலக்கு. நீல ஃபைட்டருக்கும் கறுப்பு மூர் தங்கமீனுக்கும் நிறத் தீவனம் தேடி அலைபவர்கள் அந்தப் பணத்தை மிச்சப்படுத்தலாம். நியானில்கூட அதன் சிவப்புப் பாதிக்கு மட்டும்தான் பலன் இருக்கும்.

இனி போட்டியாளர்களைப் பார்ப்போம். முதலில் அஸ்டாசாந்தின் சேர்த்த குருணை. கிரில் என்ற இறால் போன்ற சின்னக் கடலுயிரின் மாவோ, ஆலையில் தயாரித்த அஸ்டாசாந்தினோ, ஹீமடோகாக்கஸ் என்ற பாசியின் சத்தோ இதில் இருக்கும். சிவப்பைக் கூட்டுவதில் இதுதான் வேகமானது. வளர்ப்பு சால்மன் மீனின் சதை இளஞ்சிவப்பாக இருப்பதும் தீவனத்தில் சேர்க்கும் இந்த நிறமியால்தான். சால்மன் ஸியாசாந்தின் என்ற மஞ்சள் கரோட்டினாய்டை அஸ்டாசாந்தினாக மாற்றிக்கொள்ளாது, அதற்குத் தயாராகவே கொடுத்தாக வேண்டும். பேரட் மீன், ஃபிளவர்ஹார்ன், சிவப்பு ஃபைட்டர் வளர்ப்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான். பேரட் மீன் வளர்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். நிறமி நின்றால் சில மாதங்களில் சிவப்பு ஆரஞ்சாகி, ஆரஞ்சு மஞ்சளை நோக்கி நகரும். தொடர்ந்து கிடைக்க வேண்டிய சத்து இது.

சுருள்பாசி, அதாவது ஸ்பைருலினா, வேறு வழியில் வேலை செய்கிறது. இதில் அஸ்டாசாந்தின் இல்லை. பீட்டா கரோட்டினும் ஸியாசாந்தினும் உண்டு. தங்கமீனும் கோய் கெண்டையும் ஸியாசாந்தினைத் தின்று அதைத் தம் உடலிலேயே அஸ்டாசாந்தினாக மாற்றிக்கொள்ளும் ஆற்றல் பெற்றவை. அதனால் கெண்டைக் குடும்பத்துக்குச் சுருள்பாசியே எனக்குப் பிடித்தது. மாற்றம் மெதுவாகத்தான் வரும், ஆறேழு வாரம் பொறுத்திருக்க வேண்டும். ஆனால் இதில் பாதிக்கு மேல் புரதம் இருப்பதால் நிறத்தோடு உடம்பும் தேறும். மலாவி ஏரியின் பாசி மேயும் சிக்லிட் மீன்களுக்கு இதைக் கொடுத்தால் நீலம் கூடியதாகச் சிலர் சொல்வார்கள். பாசியில் ஒரு நீலப் புரதம் இருப்பது உண்மை, ஆனால் அது செரித்துப்போகும், தோலுக்குப் போகாது. குடலுக்கு ஒத்த தீனி கிடைத்த மீன் தெம்பாக இருக்கிறது, தெம்பான மீன் தன் நிறத்தை மறைப்பதில்லை. அங்கே நடப்பது இவ்வளவுதான்.

இரண்டுக்கும் பொதுவான ஓர் அபாயத்தைக் கோய் வளர்ப்பவர்கள் நன்றாக அறிவார்கள். வெள்ளை உடலில் சிவப்புத் திட்டு உள்ள கோஹாகு வகைக்கு அளவு மீறிக் கொடுத்தால் வெள்ளையும் மஞ்சளோடிவிடும். அந்த மீனின் அழகே கலங்காத வெண்மையில்தான் இருக்கிறது. வெள்ளையில் சாயல் தெரிந்த அன்றே நிறத் தீவனத்தை நிறுத்திச் சாதாரணக் குருணைக்குத் திரும்ப வேண்டும்.

வீட்டுத் தயாரிப்பும் ஒரு வழி. இறால் தலையையும் ஓட்டையும் வேகவைத்து, நிழலில் உலர்த்திப் பொடித்துத் தீவனத்தில் கலப்பவர்கள் உண்டு. அஸ்டாசாந்தின் இலவசமாகக் கிடைத்துவிடும். ஆனால் ஓடு எளிதில் செரிக்காது, மிஞ்சியது தொட்டித் தண்ணீரைக் கெடுக்கும், எனவே ஒரு சிட்டிகை போதும். செண்டுமல்லி இதழ்ப் பொடியை வாள்வால் மீனுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் தோலின் கரோட்டினாய்டு அளவு கூடியிருக்கிறது. லூட்டின் மஞ்சளை வளர்க்கும். ஆனால் பூக்கடையில் வாங்கிய செண்டுமல்லியை மட்டும் மீனுக்குப் போட்டுவிடாதீர்கள். அதில் எந்தப் பூச்சிமருந்து தெளித்திருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது, சின்ன மீனுக்கு அதில் ஒரு துளியே அதிகம். வீட்டுத் தொட்டியில் மருந்தின்றிப் பூத்ததாக இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

உயிர்த் தீவனத்தில் ஒரு பெரிய தவறான நம்பிக்கை இருக்கிறது. ரத்தப்புழுவும் டியூபிஃபெக்ஸ் புழுவும் சிவப்பாக இருப்பதால் மீனையும் சிவக்கவைக்கும் என்று நினைக்கிறார்கள். அந்தச் சிவப்பு நம் ரத்தத்தில் இருப்பதைப் போன்ற ஹீமோகுளோபின், செரித்ததும் போய்விடும். ஆர்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறாலில்தான் காந்தாசாந்தின் என்ற உண்மையான நிறமி இருக்கிறது. பாசித் தண்ணீரில் வளர்ந்த மொய்னா என்ற நீர்ப்பூச்சியும் தான் தின்ற பாசியின் நிறமியைச் சுமந்து வரும்.

இந்தப் பச்சைத் தண்ணீர்தான் என் தங்கமீன்கள் ஏன் வெளிறின என்பதற்கும் விடை. சென்னை கொளத்தூரிலும் சுற்றுவட்டாரத்திலும் வண்ண மீன் வளர்ப்பவர்களின் சிமெண்ட் தொட்டிகள் வெயிலில் கிடப்பவை. தண்ணீர் பாசிபடிந்து பச்சையாக இருக்கும். மீன்கள் நாள் முழுவதும் அந்தப் பாசியையும் அதில் பிழைக்கும் நுண்ணுயிர்களையும் தின்கின்றன. அப்படி வளர்ந்த மீனை ஒரு நாள் கண்ணாடித் தொட்டிக்கும் மலிவான குருணைக்கும் மாற்றுகிறோம். நிறமி வரத்து அன்றோடு நின்றுபோகிறது. ட்ரினிடாட் தீவின் ஓடைகளில் வாழும் கப்பி மீன்களுக்கும் இதுவே விதி. மரநிழல் அடர்ந்த ஓடையில் வெயில் குறைவு, அதனால் பாசி குறைவு, அதனால் ஆண் கப்பியின் ஆரஞ்சுப் புள்ளிக்குக் கிடைக்கும் கரோட்டினாய்டும் குறைவு. டப்பாவில் வாங்கும் நிறத் தீவனம், நாம் மீனிடமிருந்து பறித்த பாசியை வேறு வடிவில் திருப்பிக் கொடுக்கிறது. பிறவியில் இல்லாத நிறத்தை அதனால் கொடுக்க முடியாது. வெளிர் மஞ்சளாகப் பிறந்த கப்பி எதைத் தின்றாலும் ரத்தச் சிவப்பாகாது.

போட்டியிலேயே சேர்க்கக் கூடாத ஒன்று ஹார்மோன். மெத்தில் டெஸ்டோஸ்டிரோன் கலந்த தீவனம் கொடுத்தால் இளம் மீன்களும் பெண் மீன்களும்கூட ஆண் மீனின் நிறத்தைக் காட்டும். விற்கும்வரை கண்ணைப் பறிக்கும். தீவனம் நின்றதும் நிறம் இறங்கும், பல மீன்கள் மலடாகியிருக்கும். வயதுக்கு மீறிய நிறத்தோடு குஞ்சுகள் இருந்தாலோ, ஒரு தொட்டி முழுக்க எல்லா மீனுமே ஆண்போல் மின்னினாலோ வாங்காமல் வந்துவிடுங்கள். உயிரை இப்படி வதைத்துப் பெறும் அழகு எனக்கு வேண்டாம்.

காசு செலவில்லாத போட்டியாளரும் உண்டு: தொட்டியின் அடித்தளம். வெள்ளை மணலில் மீன் தன்னை வெளுப்பாக்கிக்கொள்ளும், கருங்கல் பரலில் அடர்த்தியாக்கிக்கொள்ளும். இது நிறமி உயிரணுக்களுக்குள் நிறமித் துகள்கள் குவிந்தும் பரவியும் நகர்வதால் நிகழ்வது, நாள்கணக்கிலேயே தெரியும். கடைத் தொட்டிகளில் எரியும் இளஞ்சிவப்பு விளக்கும் நம்மை ஏமாற்றும். வெள்ளை விளக்கில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

டப்பா வாங்கும்போது குருணையின் நிறத்தைப் பார்க்காதீர்கள். சிவப்பாக இருக்கும் மலிவுக் குருணை பலவற்றில் வெறும் உணவுச் சாயம்தான். தண்ணீரில் போட்டுச் சிறிது நேரத்தில் தண்ணீர் சிவந்தால் சந்தேகப்படுங்கள். அட்டையில் அஸ்டாசாந்தின், கிரில், ஸ்பைருலினா என்ற பெயர்கள் இருக்கின்றனவா, பட்டியலில் முன்னால் இருக்கின்றனவா என்று படியுங்கள். கரோட்டினாய்டு காற்றிலும் வெளிச்சத்திலும் வெப்பத்திலும் அழிவது. திறந்த மூட்டையிலிருந்து எடை போட்டுத் தரும் தீவனம் எவ்வளவு நல்ல வகையானாலும் நம் ஊர் வெயிலில் தன் சத்தை இழந்திருக்கும்.

இப்போது என் தங்கமீன்களுக்கு வாரத்தில் நான்கு நாள் சுருள்பாசிக் குருணை, மற்ற நாள்களில் சாதாரணத் தீவனம். இரண்டு மாதத்துக்குள் தீரும் சிறிய பாக்கெட்டாக வாங்கி, இறுக மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கிறேன். மொட்டைமாடியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீரைப் பச்சையாக விட்டிருக்கிறேன், அதில் மொய்னா ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வலை அள்ளிப் போடுவேன். மூன்று மீன்கள் பழைய ஆரஞ்சுக்குத் திரும்பிவிட்டன. நான்காவது வெளுப்பாகவே இருக்கிறது, மொய்னாவைக் கண்டதும் முதலில் பாய்ந்து வருவது அதுதான்.