டேட்டாகிளாஸ்: சி.எஸ்.வி. வரிகளை ஆப்ஜெக்ட் ஆக்க எவ்வளவு தூரம் உதவும்?

2018-இல் பைதான் 3.7-உடன் வந்த டேட்டாகிளாஸ், அதாவது தரவை வைத்திருக்கும் கிளாஸைச் சுருக்கமாக எழுத உதவும் வசதி, இனிட் ஃபங்ஷனில் ஒவ்வொரு ஃபீல்டையும் திரும்பத் திரும்ப எழுதும் வேலையை ஒழித்துவிட்டது. 'சரக்கு' கிளாஸுக்குப் பெயர், விலை, இருப்பு என்று மூன்று வரியும் மேலே ஒரு டெக்கரேட்டரும் போதும். பிரின்ட் செய்தால் மெமரி முகவரி வராது, உள்ளே இருக்கும் மதிப்புகளே தெரியும். இந்த ஒன்றுக்காகவே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் விலைக்குப் பக்கத்தில் 'இன்ட்' (முழு எண்) என்று எழுதியதை அது சரிபார்க்காது. கமாவால் பிரித்த சி.எஸ்.வி. ஃபைலின் ஒவ்வொரு வரியையும் டிக்ஷனரியாகப் படித்துத் தரும் டிக்ட்ரீடர் தருவதெல்லாம் ஸ்ட்ரிங். அதை அப்படியே இரட்டை நட்சத்திரம் (**) போட்டு கிளாஸுக்குள் விட்டால் எர்ரரே வராது. பருப்பு "165", உப்பு "28" என்று இருந்தால், ஸ்ட்ரிங்கை எழுத்தெழுத்தாக ஒப்பிடுவதால், கடையிலேயே விலை கூடிய சரக்கு உப்பு என்று மேக்ஸ் சொல்லும்! எண்ணாக மாற்றுவதை லூப்பில் அங்கங்கே செய்யாமல், ஒரு வரியை வாங்கி ஆப்ஜெக்ட் திருப்பித் தரும் கிளாஸ்மெத்தடில் வைத்துவிடுங்கள்.

அங்கேயும் இரண்டு பொறிகள். வரியில் ஒரு காலம் (column) குறைந்தால் டிக்ட்ரீடர் அங்கே 'நன்' (None, மதிப்பு இல்லை என்று பொருள்) வைக்கும். இருப்புக்கு டிஃபால்ட் 0 கொடுத்திருந்தாலும் பலிக்காது, நன்னை நாமே கையில் கொடுத்துவிட்டோமே. அதை இன்ட் ஆக்கப் போனால் வருவது டைப்எர்ரர். ஆகவே எண்ணாக மாறாத எழுத்துக்கு வரும் வேல்யூஎர்ரரோடு அதையும் பிடிக்க வேண்டும். இரண்டாவது, விலையை மேற்கோள்குறி இல்லாமல் 1,200 என்று எழுதிய வரி. விலை 1, இருப்பு 200 என்று சத்தமில்லாமல் ஏறிவிடும். மிஞ்சிய காலம் 'நன்' என்ற கீயில் போய் உட்காரும். அந்தக் கீ இருந்தால் வரியைத் தள்ளிவிடுங்கள். எத்தனையாவது வரி என்று சொல்லும் ரீடரின் லைன்_நம் மதிப்பையும் லாகில் எழுதினால் ஃபைலில் தேடி அலைய வேண்டாம்.

எக்செலில் 'சி.எஸ்.வி. யூ.டி.எஃப்-8' ஆகச் சேமித்த ஃபைலில் முதல் காலம் பெயருக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொள்ளும். திரையில் பெயர் சரியாகத்தான் இருக்கும், கீஎர்ரர் மட்டும் வரும். என்கோடிங்கை 'யூ.டி.எஃப்-8-சிக்' என்று கொடுத்துத் திறந்தால் சரியாகிவிடும்.

லட்சக்கணக்கில் வரிகள் என்றால் பைதான் 3.10 முதல் உள்ள ஸ்லாட்ஸ் வசதியை (slots=True) டெக்கரேட்டரில் போடுங்கள், மெமரி குறையும். மாற்றுவதும் சரிபார்ப்பதும் தானாக நடக்க வேண்டும் என்றால் பைடான்டிக் என்ற லைப்ரரி இருக்கிறது, அதைத் தனியாக இன்ஸ்டால் செய்யணும். நாலைந்து காலம் உள்ள சி.எஸ்.வி.க்கு அவ்வளவு தேவைப்படாது.