நா திராங் போகிறவர்களுக்கு: கடலுணவை எடைக்கு வாங்கும் முன் இதைப் படியுங்கள்

வியட்நாமில் குறைந்த செலவில் முதுகுப்பையோடு சுற்றப் போகிறவர்கள், அங்குள்ள கடற்கரை ஊர்களில் மீனையும் இறாலையும் எடை போட்டு விற்கும் உணவகங்களில் உட்காருவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். நானும் என் நண்பரும் நா திராங்கில் ஒரே இரவுச் சாப்பாட்டுக்கு 16 லட்சத்து 60 ஆயிரம் டோங் (வியட்நாமின் பணம்) கொடுத்தோம். இருவருக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 4 லட்சம் டோங் என்று சாப்பாட்டுக்கு ஒதுக்கியிருந்த எங்களுக்கு, அது நான்கு நாள் பணத்துக்கும் அதிகம்.

அதற்கு முந்தைய இரண்டு வாரங்களும் மிக நன்றாகவே சாப்பிட்டோம். ஹனோயின் பழைய நகரப் பகுதியில் நடைபாதையில் போட்டிருக்கும் சிறிய பிளாஸ்டிக் முக்காலிகளில் உட்கார்ந்து, விடிகாலையில் ஆவி பறக்க வரும் ஃபோ என்ற நூடுல்ஸ் சூப்பை 50,000 டோங்குக்குக் குடித்தோம். ஹுவே நகரில் எலுமிச்சைப்புல் மணக்கும் காரமான மாட்டிறைச்சி நூடுல்ஸை அதைவிடக் குறைவான விலைக்குச் சாப்பிட்டோம். மொழி தெரியாத எங்களை இந்தத் தெருக்கடைகளில் ஒருவர்கூட ஏமாற்றவில்லை என்பதை அழுத்தியே சொல்ல வேண்டும். கடைக்கு ஓர் உணவு, அதற்கு ஒரு விலை, அந்த விலையும் பலகையில் எழுதியிருக்கும். ஏமாற்றுவதற்கு அங்கே இடமே இல்லை.

நா திராங்கில் இறங்கிய அன்று மாலை, மலிவான கடலுணவு எங்கே கிடைக்கும் என்று மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் ஒருவரிடம் கேட்டோம். அவர் கடற்கரைக்கு அருகே ஓர் உணவகத்தின் வாசலிலேயே கொண்டுபோய் இறக்கினார். வாசலில் கண்ணாடித் தொட்டிகளில் இறாலும் நண்டும் களவா மீனும் உயிரோடு நீந்திக்கொண்டிருந்தன. தொட்டிகளுக்கு மேலிருந்த பலகையில் இறால் படத்துக்குப் பக்கத்தில் 90 என்றும், களவா மீன் படத்துக்குப் பக்கத்தில் 70 என்றும் இருந்ததே தவிர, எவ்வளவுக்கு அந்த விலை என்று எங்கும் எழுதவில்லை. வியட்நாமில் விலை சொல்லும்போது ஆயிரத்தை விட்டுவிடுவது வழக்கம் என்பதால் 90 என்றால் 90,000 டோங் என்று எங்களுக்குத் தெரியும். அது ஒரு தட்டு இறாலின் விலை என்று நாங்களாக முடிவு செய்தோம். இருவருக்குப் போதுமான அளவு வேண்டும் என்று கையால் காட்டியதும், கடைப்பெண் வலையால் இறாலை அள்ளி, தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டு உள்ளே எடுத்துச் சென்றார். தராசு உள்ளேதான் இருந்தது. நாங்கள் அதைப் பார்க்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் வந்த துண்டுச்சீட்டில் இறாலுக்கு 7,20,000, மீனுக்கு 7,70,000 என்று இருந்தது. வள்ளைக்கீரை, சோறு, இரண்டு பீர் ஆகியவற்றோடு, நாங்கள் கேட்காமலே மேசையில் வைத்த வேர்க்கடலைக்கு 30,000 டோங்கும், ஈரத் துண்டுகள் இரண்டுக்கு 10,000 டோங்கும் சேர்த்திருந்தார்கள். பலகையைக் காட்டிக் கேட்டபோது, அந்தப் பெண் கால்குலேட்டரில் 90ஐ 8ஆல் பெருக்கிக் காட்டி, ‘லாங், லாங்’ என்றார். பின்னாலிருந்து இரண்டு ஆண்கள் எழுந்து வந்து மேசையருகே நின்றார்கள். பணத்தைக் கொடுத்துவிட்டு வெளியேறினோம்.

லாங் என்பது வியட்நாமில் 100 கிராம். ஆக, அந்தப் பலகையிலிருந்த 90 என்பது ஒரு கிலோவுக்கு 9 லட்சம் டோங் என்றாகிறது. ஏமாற்று அந்த எண்ணில் இல்லை, எழுதாமல் விட்ட அளவில்தான் இருந்தது. நாங்கள் சாப்பிட்டது விரல் நீளத்தில் பதினோரு இறால். தோலை உரித்து வரிசையாக அடுக்கி வைத்திருந்ததால் எண்ணிக்கையில் எனக்குச் சந்தேகமில்லை. மறுநாள் காலை சோம் மோய் சந்தைக்குப் போய், அதே அளவில் பதினோரு இறாலைப் பொறுக்கித் தராசில் வைக்கச் சொன்னோம். நான்கு லாங்கைத் தொடவில்லை. எட்டு லாங் என்று எங்களிடம் காசு வாங்கியதில் பாதி, கூடையும் தண்ணீருமாகத்தான் இருந்திருக்க வேண்டும். மீனின் எடையைச் சரிபார்க்க வழியில்லாததால் அதைப் பற்றிக் குறை சொல்லவில்லை.

ஆகவே எடைக்கு வாங்குவதானால், மீன் தொட்டியை விட்டு வெளியே வருவதற்கு முன்பே, விலை ஒரு லாங்குக்கா ஒரு கிலோவுக்கா என்று கேட்டு, மொத்தத் தொகையைக் கால்குலேட்டரிலோ தாளிலோ எழுதி வாங்கிவிடுங்கள். கண்ணெதிரே தராசில் வைக்கச் சொல்லுங்கள். முதலில் காலிக் கூடையை வைத்து எண் பூஜ்யத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். நண்டு வாங்கினால், அதைக் கட்டியிருக்கும் தடித்த ஈரக் கயிறும் எடையில் சேரும் என்பதால், அவிழ்த்துவிட்டு நிறுக்கச் சொல்வது நல்லது. பட்டியலில் விலைக்குப் பதிலாக ‘தோய் யா’ என்று இருந்தால் அன்றைய சந்தை விலை என்று பொருள். அதைக் கேட்காமல் எதையும் வரவழைக்காதீர்கள். கடலையும் ஈரத் துண்டும் வேண்டாமென்றால் தொடாமல் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இன்னொன்று: 20,000 டோங் நோட்டும் 5,00,000 டோங் நோட்டும் இரண்டுமே நீலம். மங்கலான வெளிச்சத்தில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொடுத்துவிட வாய்ப்பு மிக அதிகம் என்பதால், நாங்கள் பெரிய நோட்டுகளைத் தனிப் பையில் வைத்துக்கொண்டோம்.

விலையை எழுதி வைக்க வேண்டும், எழுதிய விலைக்கு மேல் வாங்கக் கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய விலைச் சட்டத்திலும் இது இருக்கிறது. புகார் செய்யலாமா என்று விடுதி வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கேட்டோம். செய்யலாம், ஆனால் கடையின் பெயரும் முகவரியும் உள்ள ரசீது வேண்டும் என்றார். எங்கள் சீட்டில் தொகைகள் மட்டுமே இருந்தன; கடையின் பெயர் இல்லை, எடை இல்லை, தேதியும் இல்லை. பணம் கொடுக்கும் முன்பே பெயர் அச்சிட்ட ரசீதைக் கேளுங்கள், விலைப் பலகையைப் படம் எடுத்து வையுங்கள்; மிரட்டுவதுபோல் நின்றால் அங்கிருந்தபடியே 113க்கு அழையுங்கள், அது அந்நாட்டுக் காவல்துறையின் எண்.