கடலூரில் மூன்று சனிக்கிழமைகள்: ஆசிரியர்களுக்கான ‘ஸ்டெம்’ பயிற்சி எப்படி இருந்தது?

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியலும் கணிதமும் கற்பிக்கும் ஆசிரியர்களுக்காக, மஞ்சக்குப்பத்தில் ஒரு தனியார் அமைப்பு மூன்று சனிக்கிழமைகளில் நடத்திய ‘ஸ்டெம்’ பயிற்சியில் கலந்துகொண்டேன். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய நான்கையும் ஒரே சிக்கலைச் சுற்றிச் சேர்த்துக் கற்பிக்க ஆசிரியரைத் தயார்ப்படுத்துவது அதன் நோக்கம். கட்டணம் 1,800 ரூபாய். மதிய உணவும் செய்முறைக்கான பொருள்களும் அதில் அடக்கம். நான் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் பதினேழு ஆண்டுகளாக அறிவியல் கற்பித்து வருகிறேன். போய்வரலாமா என்று சக ஆசிரியர்கள் பலர் கேட்டதால் விரிவாக எழுதுகிறேன்.

முதல் நாள் ஒன்றுக்காகவே இந்தக் கட்டணத்தைக் கொடுக்கலாம். பயிற்சியளித்த கருத்தாளர் உரை எதுவும் நிகழ்த்தாமல், ஆளுக்கொரு பிளாஸ்டிக் பாட்டிலும் கத்தரிக்கோலும் கொடுத்து மழைமானி செய்யச் சொன்னார். பாட்டிலின் மேற்பகுதியை வெட்டிப் புனலாகக் கவிழ்த்து வைப்பது எல்லோரும் அறிந்ததுதான். பத்து நிமிடத்தில் முடித்துவிட்டோம். பிறகு அவர் 12 செ.மீ. விட்டமுள்ள ஒரு புனலை 6 செ.மீ. விட்டமுள்ள நேரான உருளைப் பாத்திரத்தின் மேல் பொருத்தி, உள்ளே 8 செ.மீ. உயரத்துக்கு நீர் நின்றால் பெய்த மழை எவ்வளவு என்று கேட்டார். பாதிப் பேர் 4 செ.மீ. என்றோம்; நானும் அப்படித்தான் சொன்னேன். விட்டம் இரு மடங்கானால் மழையைப் பிடிக்கும் வாயின் பரப்பு நான்கு மடங்காகும் என்பதால், 2 செ.மீ. என்பதே சரியான விடை. வட்டத்தின் பரப்புச் சூத்திரம் எங்களில் எவருக்கும் தெரியாததன்று. அது கணிதப் பாடவேளைக்கு உரியது, மழைமானி அறிவியலுக்கு உரியது என்று பிரித்தே பழகியிருந்ததால் தேவைப்பட்ட இடத்தில் நினைவுக்கு வரவில்லை. மாணவர் எங்கே இடறுவார், அங்கே எந்த உதாரணம் கைகொடுக்கும் என்று அறிவது, பாடப்பொருளை அறிவதிலிருந்து வேறான ஓர் அறிவு என்று அமெரிக்கக் கல்வி உளவியலாளர் லீ ஷுல்மன் 1986இல் கூறியதைப் பி.எட். தேர்வுக்காகப் படித்திருக்கிறேன், நானே இடறிய அன்றுதான் அது எனக்குப் புரிந்தது.

பிற்பகலில் அதே மழையைப் பள்ளியின் கூரைக்குக் கொண்டுபோனார்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். 20 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் உள்ள மொட்டைமாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் 16,000 லிட்டர் சேரும். 2015 வெள்ளத்தைப் பார்த்த கடலூர்க்காரர்களுக்கு அது வெறும் கணக்கு விடையாகத் தோன்றாது. அந்த நீருக்கு எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும், அதற்கு இடமில்லையென்றால் எதை விட்டுக்கொடுப்பது என்று குழுக்கள் வாதிடத் தொடங்கியபோது, பொறியியல் என்ற சொல்லை யாரும் சொல்லாமலே பொறியியல் நடந்துகொண்டிருந்தது.

இரண்டாம் நாள், 2011 டிசம்பர் 30 அன்று இங்கே கரையைக் கடந்த ‘தானே’ புயலை எடுத்துக்கொண்டார்கள். அட்டையில் வீடு செய்து, மேசை விசிறியின் முன் வைத்து, கூரை பறக்காமல் இருக்க அதன்மேல் எத்தனை நாணயங்கள் வைக்கவேண்டும் என்று எண்ணினோம். எங்கள் குழு கூரையின் சாய்வையும் இறவாணத்தின் (சுவருக்கு வெளியே நீளும் கூரை விளிம்பின்) அகலத்தையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு, எந்த மாற்றத்தால் நாணயங்கள் குறைந்தன என்று சொல்ல முடியாமல் நின்றது. கருத்தாளர் அருகிலேயே இருந்தும் திருத்தவில்லை. ஒரு முறைக்கு ஒரு மாறியைத்தான் மாற்றவேண்டும் என்று நாங்களே கண்டறியும்வரை காத்திருந்தார். அந்தப் பொறுமைதான் இந்தப் பயிற்சியில் நான் கற்ற மிகப் பெரிய செய்தி. காற்றின் வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்று அவர் விளக்கியபோது, பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்திருந்த கணித ஆசிரியை ஒருவர், “போன வாரப் புனலும் இதே வர்க்கக் கணக்குதானே, சார்?” என்று கேட்டார். அறை முழுவதும் ஒரு கணம் அமைதியானது.

மூன்றாம் நாள் ஏமாற்றமளித்தது. வேறொரு கருத்தாளர் வந்து, ஐந்து பேருக்கு ஓர் ஆர்டுயினோ பலகை (நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை) கொடுத்து, திரையில் இருந்த நிரலை அப்படியே தட்டச்சு செய்யச் சொன்னார். பலகையுடன் இணைத்த சிறு வண்டி, வரைந்த கோட்டின்மேல் ஓடியது. ஆனால் அளப்பதற்கோ, முடிவெடுப்பதற்கோ அதில் எதுவும் இல்லை. அதே பலகையில் ஓர் உணரியை (சென்சார்) இணைத்து முதல் நாள் செய்த மழைமானியின் நீர்மட்டத்தைப் பதிவு செய்ய வைத்திருந்தால், தொழில்நுட்பம் தன் இடத்தில் வந்து சேர்ந்திருக்கும்.

மதிப்பீடும் விடுபட்டுவிட்டது. ஐந்து மாணவர் சேர்ந்து செய்த கூரைக்கு ஒவ்வொருவருக்கும் எப்படி மதிப்பெண் இடுவது என்ற கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை. 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய வானவில் மன்றம் என்ற அறிவியல், கணிதச் செய்முறைத் திட்டத்தின் வழியாக அரசுப் பள்ளிகளின் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குச் சோதனைகள் ஏற்கெனவே வருகின்றன. அவற்றோடு இந்தப் பயிற்சியை எப்படி இணைப்பது என்று ஒரு மணிநேரமாவது பேசியிருக்கவேண்டும்.

இடவசதியும் உணவும் குறைசொல்லும்படி இல்லை. போகிறவர்கள் ஒரே பள்ளியிலிருந்து அறிவியலுக்கு ஒருவர், கணிதத்துக்கு ஒருவர் என இருவராகப் போகவேண்டும். நான் தனியாகப் போனதால், கூரைப் பாடத்துக்குத் தேவையான இரண்டு தொடர் பாடவேளைகளைப் பெறுவதற்கே தலைமையாசிரியரிடமும் கணித ஆசிரியையிடமும் மூன்று வாரம் பேசவேண்டியிருந்தது. கடைசியில் அந்த ஆசிரியை தம் பாடவேளையைத் தந்ததோடு, வகுப்பில் வந்து அமர்ந்து நாணயங்களையும் எண்ணினார். அடுத்த பயிற்சி அணிக்கு அவர் பெயர் கொடுத்திருக்கிறார். முதல் இரண்டு நாள்களுக்கு மட்டும் தனிக் கட்டணம் உண்டா என்று விசாரித்துச் சொல்லுமாறு என்னிடம் கேட்டிருக்கிறார்.