380 ரூபா வெள்ளரி விதை காம்போ: லெமன் மட்டும் வாங்குங்க போதும்

தை மாசம் ஆன்லைன்ல ஒரு விதைக் கடைல 'அபூர்வ வெள்ளரி காம்போ'ன்னு 4 பாக்கெட் வாங்குனேன், கூரியரோட சேத்து 380 ரூபா. கடை பேர் வேணாம். லெமன், பூனா கீரா, ஆர்மீனியன், திராட்ச சைஸ்ல காய்க்கற குக்கமெலன், இந்த நாலும் ஏர்லூம், அதாவது ஹைப்ரிட் இல்ல, காய்ல இருந்தே விதை எடுத்துக்கலாம்னு போட்டிருந்தான், அதுல தான் விழுந்துட்டேன். நம்ம எடம் தண்டையார்பேட்டை, மொட்டமாடி, கடக்காத்து நேரா மூஞ்சில அடிக்கும், போர் தண்ணி உப்பு, அதனால மெட்ரோ வாட்டர் புடிச்சி குடத்துல ரெண்டு மாடி தூக்கிட்டுப் போய் ஊத்துனேன். இடுப்பு போச்சு.

லெமன் சூப்பர், அத மொதல்ல சொல்லிடுறேன். பத்து விதைல எட்டு நாலாம் நாளே மொளச்சிடுச்சு. பேர பாத்து புளிக்கும்னு நெனைக்காதீங்க, உருண்டையா மஞ்சளா இருக்கறதால தான் அந்தப் பேரு, அமெரிக்கால நூறு வருஷத்துக்கு மேல போடுற ரகம். கொடி ஏற காசிமேட்டுல பழைய மீன் வல வாங்கி கட்டுனேன், கடைல விக்கற கிரீப்பர் நெட்ட விட நல்லா கெட்டியா இருக்கு, ஆனா ரெண்டு நாள் மாடி பூரா மீன் வாட, பக்கத்து வீட்டு பூன வலைய விட்டு நவுரல. பத்து நாளா பூ மட்டும் வந்து கொட்டுது, காயே இல்லன்னு கடைக்காரனுக்கு மெசேஜ் போட்டா உரம் வாங்குங்கன்னு லிங்க் அனுப்புறான்! மொதல்ல ஆண் பூ தான் வரும், காய் வெக்கிற பூவுக்கு பின்னாடி குண்டா ஒரு பிஞ்சு இருக்கும், இத சொல்றத விட்டுட்டு. எங்க மாடிக்கு தேனீ வர்றதில்ல, அதனால காலைல ஏழு மணிக்குள்ள ஆண் பூவ கிள்ளி, இதழ பிச்சிட்டு, அந்த மகரந்தத்த நானே தொட்டு விட்டேன், அப்புறம் காய் சரசரன்னு வந்துச்சு.

வெளிர் மஞ்சளா இருக்கறப்பவே பறிச்சிடணும், விட்டா விதை முத்திடும். நடுவுல ஒரு கல்யாணத்துக்கு ஆரணி போய்ட்டேன், ரெண்டு நாள் தண்ணி இல்ல, வந்து பறிச்ச நாலு காயும் காம்புப் பக்கம் கசப்பு. கீழ் வீட்டு அக்கா மேல வடகம் காயப்போட வந்தவங்க, "இன்னாபா, தோசக்காய்க்கா இம்மாம் பாடு?"ன்னு சிரிச்சாங்க, ஒன்ன அறுத்து உப்பு மொளகாத்தூள் போட்டுக் குடுத்தேன், ஒன்னும் பேசாம துன்னுட்டுப் போய்ட்டாங்க. மறுநாள், "இன்னொன்னு கீதா?"

பூனா கீரா நம்ம புனே ரகம் தான். காய் நல்லா இருந்துச்சு, ஆனா திடீர்னு தோலெல்லாம் வெடிச்சி உருளக்கெழங்கு கலர்ல ஆயிடுச்சு, அழுகல்னு நெனச்சி ரெண்ட தூக்கிப் போட்டுட்டேன். அதுக்கு முத்துனா அப்படி தான் ஆகுமாம், உள்ள நறுக்குனு தான் இருக்கும். பாக்கெட்ல ஒரு வரி போட்டா என்ன கொறஞ்சிடும்?

ஆர்மீனியன் தான் செம காண்டு. பாக்கெட் 120 ரூபா, இம்போர்ட்டட்னு வேற. நீளமா, வரி வரியா, வளஞ்சி வளஞ்சி காச்சிது. ஆபீஸ்ல ஒரு லக்னோ பையன் இருக்கான், டப்பாவ தொறந்தவுடனே "அட, ககடி!"ங்கறான், அவங்க ஊர்ல தள்ளுவண்டில விக்கறதாம். தேடிப் பாத்தா நெஜமாவே அது வெள்ளரியே இல்ல, முலாம்பழ ஜாதி. கசப்பே இல்ல, ருசி ஓகே, அதுக்காக இந்த வெலையா?

குக்கமெலன் பத்துக்கு ரெண்டு மொளச்சிது, பங்குனி வெயில்ல ரெண்டும் காலி.

விதை எடுக்கறவங்க ஒன்னு கவனிங்க, லெமனும் பூனாவும் ஒரே ஜாதி, பக்கத்துல பக்கத்துல இருந்தா கலந்துடும். அதனால மொத நாள் சாயங்காலமே ரெண்டு மொட்டையும், ஆண் ஒன்னு காய் பூ ஒன்னு, நூலால கட்டி வெச்சி, காலைல அவுத்து தொட்டு விட்டு, காய் பூவ திரும்ப கட்டிட்டேன். அந்தக் காய கொடிலயே விட்டு நல்லா பழுத்ததும் விதைய வழிச்சி ரெண்டு நாள் தண்ணில ஊற வெச்சா நொரச்சி நாறும், பரவால்ல, அடில தங்குனத மட்டும் அலசி நெழல்ல காய வெக்கணும். இப்ப ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்ல அறுபது எழுபது விதை கெடக்கு, ஆடிக்கு போடணும். கீழ் வீட்டு அக்கா ரெண்டு பைக்கு மண்ணே ரெடி பண்ணிட்டாங்க.