ஓப்பன் ஆக்சஸ் என்று காசு வாங்கிவிட்டு ஆய்வேட்டைப் பூட்டி வைக்கிறார்கள், கவனம்

வாய்மொழித் தேர்வு முடிந்து, ஆய்வேட்டைப் பல்கலைக்கழக மின்களஞ்சியத்தில் ஏற்றிய கொஞ்ச நாளிலேயே ஒரு மின்னஞ்சல் வரும். உங்கள் ஆய்வேட்டின் தலைப்பு அதில் பிழையில்லாமல் இருக்கும், களஞ்சியத்தின் இணைப்பும் இருக்கும். 'இவ்வளவு நல்ல ஆய்வு களஞ்சியத்திலேயே முடங்கிக் கிடக்கக் கூடாது, ஓப்பன் ஆக்சஸ் நூலாக வெளியிடுகிறோம்' என்று எழுதியிருப்பார்கள். ஓப்பன் ஆக்சஸ் என்றால் யாரும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். எனக்கும் வந்தது. நான் பட்ட பாட்டை எழுதுகிறேன். ஆய்வேடு முடிக்கும் நிலையில் இருப்பவர்கள் தயவுசெய்து பொறுமையாகப் படியுங்கள்.

நான் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: நூல் சிசி பை உரிமத்தில் வர வேண்டும். சிசி என்பது கிரியேட்டிவ் காமன்ஸ்: ஒரு படைப்பைப் பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று பொதுவில் அறிவிக்கும் உரிமங்கள். இவை 2002இலிருந்து புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றில் ஆறு வகை உண்டு. சிசி பை என்றால், என் பெயரைச் சொல்லிவிட்டு யார் வேண்டுமானாலும் படிக்கலாம், படியெடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், விற்கவும் செய்யலாம். அதனுடன் என்சி சேர்ந்தால் வணிகப் பயன்பாட்டுக்குத் தடை. என்டி சேர்ந்தால் மாற்றியமைத்ததைப் பகிரத் தடை. களஞ்சியத்தில் என் ஆய்வேடு ஏற்கெனவே சிசி பை 4.0இல் இருந்ததால் நூலுக்கும் அதையே கேட்டேன். 'கண்டிப்பாக, சிசி பைதான்' என்று பதிப்பாசிரியர் மின்னஞ்சலில் எழுதினார். ஒப்பந்தத்திலோ 'கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் ஒன்றின் கீழ் வெளியிடப்படும்' என்று மட்டும் இருந்தது. எது என்று கேட்டதற்கு, இது எல்லோருக்கும் பொதுவான படிவம், உரிமத்தின் வகை நூலின் பதிப்புரிமைப் பக்கத்தில்தான் வரும் என்றார்கள். ஓப்பன் ஆக்சஸ் கட்டணம் என்று ஒரு கணிசமான தொகையையும் வாங்கிக்கொண்டார்கள்.

நூல் வந்தது. பதிப்புரிமைப் பக்கத்தின் மேலே என் பெயர். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் 'பிரத்தியேக உரிமம் பெற்றவர்' என்று பதிப்பகத்தின் பெயர். அதற்கும் கீழே சிசி பை-என்சி-என்டி.

பக்கங்களைப் புரட்டினால் இன்னும் கொடுமை. நெறியாளர் கையெழுத்திட்ட சான்றிதழ்ப் பக்கம், 'இந்த ஆய்வேடு வேறு எந்தப் பட்டத்துக்கும் சமர்ப்பிக்கப்படவில்லை' என்ற என் உறுதிமொழி, எல்லாம் அப்படியே நூலுக்குள் அச்சாகியிருந்தன. உள்ளடக்கப் பக்கத்தில் பழைய ஆய்வேட்டின் பக்க எண்கள். நூலின் பக்கங்கள் வேறு அளவு என்பதால் ஒரு எண்கூடப் பொருந்தவில்லை. இரண்டு வல்லுநர்கள் படித்து மதிப்பிட்டார்கள் என்று சொல்லியிருந்தார்கள். ஒருவர் திறந்து பார்த்திருந்தாலே அந்தச் சான்றிதழ்ப் பக்கம் கண்ணில் பட்டிருக்கும். நூலுக்கு டிஓஐ என்று ஓர் எண் கொடுத்திருந்தார்கள், இணையத்தில் ஒரு படைப்பை நிரந்தரமாக அடையாளம் காட்டும் எண் அது. அதற்கான தளத்தில் இட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு எண்ணே இல்லை என்று வந்தது.

சரி, இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கிறதே, என்சி-என்டி இருந்தால் என்ன என்று கேட்கலாம். இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. என்சி, என்டி உரிமங்கள் தம்மளவில் மோசமானவை அல்ல. உரிமை முழுக்க ஆசிரியரின் கையில் இருக்கும்போது அவற்றைத் தேர்ந்தெடுக்க நியாயமான காரணங்கள் உண்டு. ஆனால் ஆசிரியர் பிரத்தியேக உரிமத்தை, அதாவது வேறு யாருக்கும் இல்லாத உரிமத்தை, பதிப்பகத்துக்குக் கொடுத்துவிட்ட பிறகு, என்சி காக்கும் வணிக உரிமை யாரிடம் போகிறது? பதிப்பகத்திடம். மொழிபெயர்க்கவோ சுருக்கி எழுதவோ அனுமதி தர வேண்டியவரும் பதிப்பகம்தான். பதிப்புரிமைக் குறிக்கு அருகே என் பெயர் இருக்கிறது, அந்த உரிமையைக் கொண்டு நான் செய்யக்கூடியது அநேகமாக எதுவுமில்லை. கட்டணத்தை நான் கட்டினேன், வணிக உரிமை முழுவதும் அவர்களிடம் போனது. அச்சுப் பிரதியை இன்றும் விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இதன் வலி எப்போது தெரிந்தது என்றால், இளம் ஆய்வாளர் ஒருவர் நூலைப் பார்த்துவிட்டு மூன்றாம் இயலைத் தமிழில் கொண்டுவர ஆசைப்பட்டபோது. எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டிய கடிதம் அது! உரிமத்தைப் பார்த்துவிட்டு அவர் முறையாகப் பதிப்பகத்திடம் அனுமதி கேட்டார். மொழிபெயர்ப்பு உரிமைக்குத் தனிக் கட்டணம் என்று பதில் வந்தது. அடுத்து, நான் அதே இயலைச் செப்பனிட்டு ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். ஆய்வேடாகக் களஞ்சியத்தில் இருப்பதைப் பல ஆய்விதழ்கள் ஏற்கெனவே வெளியானதாகக் கருதுவதில்லை. நூல்களுக்குத் தரப்படும் ஐஎஸ்பிஎன் எண்ணுடன் நூலாகவே வந்துவிட்டால் கதை வேறு. பதிப்பகத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும் என்றார்கள். என் எழுத்தை நானே பயன்படுத்த எனக்கே ஒரு கட்டணம் சொன்னது பதிப்பகம். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

சிசி பை என்று எழுதிக்கொடுத்த மின்னஞ்சலை எடுத்து அனுப்பினேன். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்க்கச் சொன்னார்கள். 'இருதரப்புக்கும் இடையிலான முழு உடன்பாடு இதுவே, இதற்கு முந்தைய கடிதங்களும் வாக்குறுதிகளும் செல்லாது' என்று ஒரு ஷரத்து. இது பல ஒப்பந்தங்களில் வழக்கமாக இருக்கும் வாசகம்தான். மின்னஞ்சலில் எவ்வளவு தேனாகப் பேசினாலும் இந்த ஒரு வரியைக் காட்டி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட முடிகிறது. மின்னஞ்சலில் தரும் வாக்கை ஒப்பந்தத்தில் எழுத மறுக்கிறார்கள் என்றால் காரணம் இதுதான். உரிமத்தின் பெயரும் பதிப்பு எண்ணும், 'சிசி பை 4.0' என்று எழுத்துக்கு எழுத்து ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

அதோடு விடவில்லை. களஞ்சியத்தில் உள்ள பிரதி தங்கள் விற்பனையைப் பாதிக்கிறது, அதை நீக்குங்கள் என்று பல்கலைக்கழக நூலகத்துக்கே எழுதினார்கள். அங்கே இருந்த நூலகர் விஷயம் தெரிந்தவர். நிதானமாக இரண்டு விஷயங்களைச் சொல்லிப் பதில் போட்டார். ஒன்று, களஞ்சியத்துக்குக் கொடுக்கப்பட்டது பிரத்தியேகமில்லாத உரிமம், அதன் தேதி இந்த ஒப்பந்தத்துக்கு முந்தையது. இரண்டு, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைக் கொடுத்த பிறகு திரும்பப் பெற முடியாது. நிபந்தனைகளை மதிக்கும் வரை பயன்படுத்துபவரின் உரிமை தொடரும். இத்தனைக்கும் அந்தப் பிரதியைப் பார்த்துத்தான் பதிப்பகம் எனக்கு முதல் மின்னஞ்சலையே அனுப்பியது. அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து சத்தமில்லை. மொழிபெயர்க்கக் கேட்டவரிடம், நூலை விட்டுவிட்டுக் களஞ்சியப் பிரதியிலிருந்து செய்யுங்கள், சிசி பை போதும், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம் என்று சொன்னேன். அவர் இப்போது செய்துகொண்டிருக்கிறார். என் கட்டுரைதான் இன்னும் சிக்கலில் கிடக்கிறது. உரிமை முழுவதும் என்னிடமே உள்ளது என்று கையெழுத்திட்டுத் தரச் சொல்கிறது ஆய்விதழ். இந்த ஒப்பந்தம் இருக்கும் வரை அப்படி எழுதித்தர என்னால் முடியாது.

படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிறருடைய கட்டுரைகளிலிருந்து எடுத்த படங்களுக்கு நாம் வாங்கும் அனுமதி பெரும்பாலும் ஆய்வேட்டுக்கு மட்டும்தான். விற்பனைக்கு வரும் நூலுக்கு அது செல்லாது. பதிப்பகங்கள் அதைத் தேடிச் சரிபார்ப்பதில்லை. வழக்கு வந்தால் செலவு ஆசிரியருடையது என்று மட்டும் எழுதிக்கொள்கின்றன. என் ஒப்பந்தத்திலும் அந்த ஷரத்து இருந்தது. நல்லவேளை, என் படங்கள் எல்லாம் நானே வரைந்தவை.

அப்படியானால் ஆய்வேட்டை நூலாக்கவே கூடாதா? தாராளமாக ஆக்கலாம். நேர்மையாக நடத்தும் ஓப்பன் ஆக்சஸ் பதிப்பகங்கள் இருக்கின்றன. டிஓஏபி என்ற ஓப்பன் ஆக்சஸ் நூல் கோப்பகத்தில் தேடிப் பாருங்கள். 'திங்க் செக் சப்மிட்' தளத்தில் நூல்களுக்கென்றே ஒரு சரிபார்ப்புப் பட்டியல் உண்டு. பதிப்பகம் ஏற்கெனவே வெளியிட்ட நூல் ஒன்றைத் திறந்து பதிப்புரிமைப் பக்கத்தைப் படியுங்கள். நான் பிறகு பார்த்தபோது என் பதிப்பகத்தின் மற்ற நூல்களிலும் அதே மூன்று வரிகள், அதே சிறிய எழுத்தில். ஐஎஸ்பிஎன் வெறும் அடையாள எண். அது இருப்பதால் தரம் இருக்கிறது என்று பொருளில்லை. ஆய்வேட்டுக்கு டிஓஐ வேண்டும் என்பதற்காக யாருக்கும் பணம் கட்டாதீர்கள். செர்ன் ஆய்வு மையம் நடத்தும் ஜெனோடோ என்ற இணையக் களஞ்சியத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பதிப்புரிமையைப் 'பதிவு செய்து தருகிறோம்' என்பவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். 1886ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில், எழுதி முடித்ததுமே உரிமை பிறந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. யாராவது நூலாக்க வருவதற்கு முன்பே களஞ்சியத்தில் ஏற்றி, உரிமத்தின் பெயரையும் தேதியையும் முதல் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். கடைசியில் எனக்குக் கைகொடுத்தது அந்தத் தேதிதான்.

ஏற்கெனவே இப்படிக் கையெழுத்திட்டவர்கள் ஒப்பந்தத்தில் 'உரிமை திரும்புதல்' அல்லது 'ஒப்பந்த முடிவு' என்ற ஷரத்து இருக்கிறதா என்று தேடுங்கள். குறிப்பிட்ட காலம் விற்பனையில் இல்லை என்றாலோ, பதிப்பகம் தன் கடமையைச் செய்யவில்லை என்றாலோ, எழுத்து மூலம் கேட்டு உரிமையைத் திரும்பப் பெற அதில் வழி இருக்கலாம். என்னுடையதில் இருக்கிறது. செயல்படாத டிஓஐ எண்ணையும் அந்தச் சான்றிதழ்ப் பக்கத்தையும் ஆதாரமாக இணைத்து அறிவிப்பு அனுப்பியிருக்கிறேன், கட்டணத்தையும் திருப்பிக் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.